நாய்களில் சிறுநீர்ப்பைக் கல்

நாய்களில் சிறுநீர்ப்பைக் கல் என்பது, சிறுநீரில் கரைந்துள்ள கனிமப் பொருட்கள் படிகங்களாகப் பிரிந்து, சிறுநீர்ப்பையினுள் ஒன்றுதிரண்டு கல்லாக இறுகும் நோய்நிலை ஆகும். கற்கள் மணலளவு நுண்ணியவையாகவோ சிறுநீர்ப்பையை நிறைக்கும் அளவு பெரியவையாகவோ இருக்கலாம். எண்ணிக்கையும் ஒன்று முதல் நூற்றுக்கணக்கு வரை வேறுபடும். நாய்களில் பெரும்பாலான கற்கள் சிறுநீரகத்தில் அன்றிச் சிறுநீர்ப்பையிலேயே காணப்படுகின்றன.

இக்கற்கள் அனைத்தும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. சிலவகைக் கற்களை உணவு மாற்றத்தாலும் மருந்தாலும் கரைத்துவிட முடியும். வேறு சில வகைகள் எந்த உணவாலும் கரைவதில்லை. அவற்றை அகற்றிய பின் மீண்டும் தோன்றாமல் தடுப்பதற்கே உணவு உதவும். ஒரு வகைக்கு ஏற்ற உணவு மற்றொரு வகைக் கல்லை வளர்க்கவும் கூடும். எனவே கல்லின் வகையை அறிவதே உணவுமுறைச் சிகிச்சையின் முதற்படியாகும். எல்லா வகைகளுக்கும் பொதுவாகப் பொருந்துவது நீர் உட்கொள்ளலைக் கூட்டுதல் மட்டுமே.

கல் உருவாகும் முறை

ஒரு குவளை நீரில் ஓரளவு உப்பே கரையும். அந்த அளவைத் தாண்டினால் மிகுதி உப்பு அடியில் படியும். சிறுநீரிலும் இதுவே நிகழ்கிறது. கல்லை உருவாக்கும் பொருளின் செறிவு அதன் கரைதிறனை மிஞ்சும்போது படிகங்கள் தோன்றுகின்றன. சிறுநீர் நெடுநேரம் பையில் தங்கினால், படிகங்கள் வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டி வளர்கின்றன. இதனைத் தீர்மானிக்கும் காரணிகள் பின்வருமாறு:

* சிறுநீரின் செறிவு: உடலில் நீர் குறையும்போது சிறுநீர் செறிவடைகிறது.
* அமில-காரத் தன்மை: ஸ்ட்ரூவைட்டு காரச் சிறுநீரிலும், யூரேட்டு, சிஸ்டின் ஆகியவை அமிலச் சிறுநீரிலும் எளிதில் படிகின்றன.
* நோய்த்தொற்று: சில பாக்டீரியாக்கள் சிறுநீரின் வேதியியலையே மாற்றிவிடுகின்றன.
* மரபியல்பு: சில இனங்களில் வளர்சிதைமாற்றக் குறைபாடு பிறவியிலேயே உள்ளது.
* உணவு: புரதம், பியூரின், கனிமங்கள் முதலியவற்றின் அளவு சிறுநீரில் எதிரொலிக்கிறது.

நலமுள்ள நாயின் சிறுநீரிலும் நுண்ணோக்கியில் படிகங்கள் தென்படலாம். படிகங்கள் இருப்பது மட்டுமே கல் இருப்பதற்குச் சான்றாகாது.

வகைகள்

ஸ்ட்ரூவைட்டு, கால்சியம் ஆக்சலேட்டு ஆகிய இரண்டும் சேர்ந்து நாய்களின் கற்களில் பெரும்பகுதியாக அமைகின்றன.

ஸ்ட்ரூவைட்டு: இது மக்னீசியம் அமோனியம் பாஸ்பேட்டால் ஆனது. நாய்களில் இது பெரும்பாலும் நோய்த்தொற்றின் விளைவாகவே தோன்றுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ், புரோட்டியஸ் முதலிய பாக்டீரியாக்கள் சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி, சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்குகிறது. சிறுநீர் காரத்தன்மை அடைகிறது, கல் படிகிறது. பெண் நாய்களின் சிறுநீர்வழி குறுகியதும் அகன்றதும் ஆகையால், அவற்றில் தொற்றும் இவ்வகைக் கல்லும் மிகுதி.

கால்சியம் ஆக்சலேட்டு: இது நடுவயதையும் முதுமையையும் எட்டிய ஆண் நாய்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. மினியேச்சர் ஷ்னாசர், ஷிட்சூ, லாசா அப்சோ, யார்க்ஷயர் டெரியர், பிஷான் ஃபிரீசே, பொமரேனியன் முதலிய சிற்றினங்களில் இதன் வாய்ப்பு அதிகம். இரத்தத்தில் கால்சியம் மிகுதல், இணைகேடயச் சுரப்பியின் மிகைச்செயல், குஷிங் நோய் ஆகியவை இதற்குத் துணைபுரியலாம்.

யூரேட்டு: யூரிக் அமிலத்தின் உப்புகளால் ஆனது. டால்மேசியன், இங்கிலீஷ் புல்டாக், கருப்பு ரஷ்யன் டெரியர் ஆகிய இனங்களில் மரபுக் காரணத்தாலும், பிற இனங்களில் கல்லீரலைச் சுற்றிச் செல்லும் பிறவி இரத்தக்குழாய்க் குறைபாட்டாலும் உண்டாகிறது.

சிஸ்டின்: சிறுநீரகம் சிஸ்டின் என்னும் அமினோ அமிலத்தை மீட்டெடுக்கத் தவறுவதால் தோன்றுவது. நியூஃபவுண்ட்லாந்து, டாக்ஸ்ஹண்ட், இங்கிலீஷ் புல்டாக் முதலிய இனங்களில் அறியப்பட்டுள்ளது. பெரும்பாலும் ஆண் நாய்களையே தாக்குகிறது.

கால்சியம் பாஸ்பேட்டு, சிலிக்கா, சாந்தின் ஆகியவற்றால் ஆன கற்கள் அரிதானவை. ஒரே கல்லின் உட்கருவும் வெளியடுக்குகளும் வெவ்வேறு பொருட்களால் அமைவதும் உண்டு.

அறிகுறிகள்

அடிக்கடி சிறிதுசிறிதாகச் சிறுநீர் கழித்தல், முக்குதல், சிறுநீரில் இரத்தம், பிறப்புறுப்பை ஓயாமல் நக்குதல், பழக்கப்பட்ட நாய் வீட்டினுள்ளேயே சிறுநீர் கழித்தல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். சில நாய்களில் எந்த அறிகுறியும் இன்றி, வேறு காரணத்துக்காக எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் கல் தெரியவருவதும் உண்டு.

ஆண் நாயின் சிறுநீர்வழி நீண்டது. ஆண்குறி எலும்பின் பள்ளத்தினூடே செல்லும் இடத்தில் அது விரிய இயலாது. சிறு கற்கள் அவ்விடத்தில் சிக்கி வழியை முற்றிலும் அடைத்துவிடலாம். நாய் பலமுறை முயன்றும் சிறுநீர் வராதிருத்தல், வயிறு இறுகி வலித்தல், வாந்தி, சோர்வு ஆகியவை அடைப்பைக் காட்டும். இந்நிலையில் இரத்தத்தில் பொட்டாசியமும் கழிவுகளும் பெருகி இதயத் துடிப்பு பாதிக்கப்படும். சிறுநீர்ப்பை கிழியவும் கூடும். சில நாட்களில் உயிரிழப்பு ஏற்படும். முழு அடைப்பு என்பது உணவாலோ நீராலோ தீர்க்கத்தக்கது அன்று. அதிக நீர் புகட்டுவது நிலையை மோசமாக்கும். உடனடியாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கண்டறிதல்

ஸ்ட்ரூவைட்டு, கால்சியம் ஆக்சலேட்டு ஆகியவை சாதாரண ஊடுகதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியும். யூரேட்டும் சிஸ்டினும் மங்கலாகவே தெரியும், அல்லது தெரியாமலே போகும். இவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஆய்வு தேவைப்படும்.

கல்லை வெளியே எடுக்காமலே அதன் வகையை ஊகிக்க, நாயின் இனம், பால், வயது, சிறுநீரின் பி.எச். மதிப்பு, படிகங்களின் வடிவம், பாக்டீரியா வளர்ப்புச் சோதனை, படத்தில் கல்லின் அடர்த்தி ஆகியவை ஒருங்கே நோக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, காரச் சிறுநீரும் யூரியேஸ் சுரக்கும் பாக்டீரியாத் தொற்றும் உள்ள பெண் நாயின் தெளிவாகத் தெரியும் கல் ஸ்ட்ரூவைட்டாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. தொற்றில்லாத, அமிலச் சிறுநீருள்ள வயதான ஆண் ஷ்னாசரின் கல் கால்சியம் ஆக்சலேட்டாக இருக்கலாம்.

ஊகம் எவ்வளவு வலுவாயினும், வெளியேறிய அல்லது அகற்றப்பட்ட கல்லை ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்வதே உறுதியான வழி. தானாக வெளிவந்த சிறு கல்லையும் எறிந்துவிடாமல், கழுவி உலர்த்தி மருத்துவரிடம் ஒப்படைப்பது பயன்தரும். சிறுநீர் மாதிரியை எடுத்தவுடன் சோதிக்க வேண்டும். நேரம் கடந்தாலும் குளிர்ந்தாலும் நாயின் உடலில் இல்லாத படிகங்கள் மாதிரியில் புதிதாகத் தோன்றும்.

நீர் மேலாண்மை

நலமுள்ள நாய் ஒன்று, உணவிலுள்ள நீரையும் சேர்த்து, நாளொன்றுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 40 முதல் 60 மில்லிலீட்டர் வரை நீர் உட்கொள்கிறது. வெப்பமான காலநிலையில் நாய் இளைக்கும்போது வாய்வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதால் தேவை மேலும் கூடும். நாய் நீரை ஈடுசெய்யாவிடில் சிறுநீர் செறிவடையும்.

சிறுநீரின் செறிவை ஒப்படர்த்தி கொண்டு அளப்பர். தூய நீரின் ஒப்படர்த்தி 1.000 ஆகும். கல் உண்டாகும் இயல்புள்ள நாய்களில் சிறுநீரின் ஒப்படர்த்தியை 1.020-க்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. ஒளிவிலகல்மானி என்னும் சிறு கருவியில் ஒரு துளி இட்டு இதை அளக்கலாம். இரவு முழுதும் பையில் தங்கிய காலைச் சிறுநீரே மிகவும் செறிந்தது. ஆகவே அதனை அளப்பது பொருத்தமாகும்.

நீரைக் கூட்டும் வழிகளில் சிறந்தது, உணவின் வழியே நீரைச் செலுத்துவது. உலர் தீவனத்தில் நீர் ஏறத்தாழ 10 விழுக்காடே உள்ளது. தகர டப்பாவில் வரும் ஈர உணவில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் உண்டு. 10 கிலோ எடையுள்ள நாயின் தேவைக்கு நாளொன்றுக்குச் சுமார் 170 கிராம் உலர் தீவனம் போதும்; அதில் நாய்க்குக் கிடைக்கும் நீர் 17 மில்லிலீட்டர் மட்டுமே. அதே ஆற்றலைத் தரும் ஈர உணவு சுமார் 600 கிராம் ஆகும். அதிலிருந்து 450 மில்லிலீட்டர் நீர் கிடைக்கும். உலர் தீவனம் உண்ணும் நாய் கூடுதலாகக் குடித்தாலும், இவ்வேறுபாட்டை முழுமையாக ஈடுசெய்வதில்லை.

பிற வழிகள் பின்வருமாறு:

* உலர் தீவனத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஊறவைத்துக் கொடுத்தல். நீரின் அளவைப் படிப்படியாகக் கூட்டினால் நாய் ஏற்றுக்கொள்ளும்.
* வீட்டின் பல இடங்களில் நீர்ப் பாத்திரங்களை வைத்து, நாள்தோறும் கழுவிப் புதுநீர் நிரப்புதல்.
* ஒரு நாளின் உணவைப் பல வேளைகளாகப் பிரித்துத் தருதல்.
* வெங்காயம், பூண்டு, உப்பு சேராத இறைச்சிச்சாற்றைச் சிறிதளவு நீரில் கலத்தல். வெங்காயமும் பூண்டும் நாய்களுக்கு நஞ்சாகும்.
* சிறுநீர் கழிக்க அடிக்கடி வெளியே அழைத்துச் செல்லுதல். நீரைக் கூட்டிவிட்டு நாயை நெடுநேரம் அடைத்து வைப்பதால் பயனில்லை.

தாகத்தைத் தூண்டுவதற்காக உணவில் உப்பைத் தானே சேர்ப்பது தவிர்க்கத்தக்கது. இதயநோய், சிறுநீரகநோய் உள்ள நாய்களுக்கு இது தீங்கு விளைவிக்கும். வேண்டாமலே ஒரு நாய் கிலோவுக்கு 100 மில்லிலீட்டருக்கு மேல் நீர் குடித்தால், அது நீரிழிவு போன்ற வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

உணவு மேலாண்மை

ஸ்ட்ரூவைட்டுக் கல்லைக் கரைத்தல்

மக்னீசியம், பாஸ்பரஸ், புரதம் ஆகியவை குறைந்ததும், சிறுநீரை அமிலமாக்குவதுமான சிறப்பு மருத்துவ உணவால் ஸ்ட்ரூவைட்டுக் கல் கரைகிறது. புரதம் குறைவதால் யூரியா குறைகிறது. பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் மூலப்பொருளும் குறைகிறது. எனினும் தொற்றினால் உண்டான கல்லை உணவு மட்டும் கரைக்காது. கல்லின் அடுக்குகளுக்குள் பாக்டீரியாக்கள் புதைந்துள்ளன; கல் கரையக் கரைய அவை வெளிப்படும். ஆகவே வளர்ப்புச் சோதனையின்படி தேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லியைக் கல் கரையும் காலம் முழுதும் தொடர வேண்டும்.

கரைய ஆகும் காலம் கல்லின் அளவைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் சுமார் 3 மாதங்கள் வரை வேறுபடும். மாதந்தோறும் ஊடுகதிர்ப் படம் எடுத்துக் கல் சுருங்குகிறதா என்று நோக்குவர். சுருங்காவிடில், கல்லின் வகை தவறாக ஊகிக்கப்பட்டிருக்கலாம். அல்லது தொற்று அடங்காதிருக்கலாம். அல்லது நாய்க்கு வேறு உணவும் கிடைத்துக்கொண்டிருக்கலாம். இக்காலத்தில் பிஸ்கட்டு, எலும்பு, வீட்டாரின் தட்டிலிருந்து ஊட்டும் பிடிச்சோறு முதலியவை முற்றிலும் விலக்கப்பட வேண்டும்.

கரைப்பதற்கென ஆக்கப்பட்ட குறைபுரத உணவு வாழ்நாள் முழுதும் தருவதற்குரியது அன்று. வளரும் குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் அது ஏற்றதல்ல. கொழுப்பு மிகுந்த வகைகள் கணைய அழற்சி கண்ட நாய்களுக்குத் தீங்கானவை. கல் நீங்கிய பின், மீண்டும் தொற்று வராமல் காப்பதே முதன்மையான தடுப்புமுறை.

கால்சியம் ஆக்சலேட்டு

இக்கல்லைக் கரைக்கும் உணவோ மருந்தோ இல்லை. அகற்றிய பின்னும் ஏறத்தாழப் பாதி நாய்களில் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் தோன்றுகிறது. இதனால் தடுப்பு முறைகளுக்கு முதன்மை ஏற்படுகிறது.

* நீர் மிகுந்த உணவே அடிப்படை.
* சிறுநீரை அமிலமாக்கும் உணவுகளைத் தவிர்க்க வேண்டும். ஸ்ட்ரூவைட்டுக்குரிய உணவை இந்நாய்க்குத் தொடர்ந்து தருவது கேடு பயக்கும்.
* உணவிலுள்ள கால்சியத்தை மட்டும் கடுமையாகக் குறைக்கக் கூடாது. குடலில் கால்சியம் ஆக்சலேட்டைப் பிணைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அது குறைந்தால் ஆக்சலேட்டு மிகுதியாக உறிஞ்சப்படும்.
* பசலைக்கீரை, பீட்ரூட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொட்டைப் பருப்புகள் முதலிய ஆக்சலேட்டு மிகுந்தவற்றை விலக்க வேண்டும்.
* வைட்டமின் சி மாத்திரை உடலில் ஆக்சலேட்டாக மாறும். வைட்டமின் டி கால்சிய உறிஞ்சலைக் கூட்டும். மருத்துவர் பரிந்துரையின்றி இவற்றைத் தரலாகாது.

இவை போதாதபோது பொட்டாசியம் சிட்ரேட்டு, தயசைடு வகை மருந்துகள் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருப்பின் முதலில் அதன் காரணத்தைக் களைய வேண்டும்.

யூரேட்டு

பியூரின் என்னும் பொருள் உடலில் சிதைந்தே யூரிக் அமிலம் உண்டாகிறது. எனவே பியூரின் மிகுந்த ஈரல், சிறுநீரகம், இதயம் முதலிய உள்ளுறுப்பு இறைச்சிகளும், நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி முதலிய மீன்களும் விலக்கப்படுகின்றன. முட்டையிலும் பாற்பொருட்களிலும் பியூரின் குறைவு. ஆகவே புரதத்துக்கு அவை ஏற்றவை. இறைச்சியை வேகவைக்கும்போது பியூரினின் ஒரு பகுதி நீரில் இறங்குவதால், நீரைக் கூட்டத் தரும் இறைச்சிச்சாறு இந்நாய்களுக்குப் பொருந்தாது. சிறுநீரின் பி.எச். மதிப்பு 7 அளவில் இருப்பது நன்று.

அலோபியூரினால் என்னும் மருந்து யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைக்கிறது. இம்மருந்தை உட்கொள்ளும் நாய்க்குப் பியூரின் மிகுந்த உணவு தந்தால், யூரேட்டுக்கு மாறாகச் சாந்தின் கல் உண்டாகும். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் இணைந்தே செல்ல வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும். கல்லீரல் இரத்தக்குழாய்க் குறைபாடு உள்ள நாய்களில் அக்குறைபாட்டைச் சீர்செய்வதே சிகிச்சை.

சிஸ்டின்

விலங்குப் புரதமும் உப்பும் அளவாக உள்ள நீர்மிகு உணவும், சிறுநீரைக் காரமாக்கும் பொட்டாசியம் சிட்ரேட்டும் பரிந்துரைக்கப்படுகின்றன. தியோபுரோனின் என்னும் மருந்து கல்லைக் கரைக்க உதவுகிறது. சில இனங்களில் இந்நோய் ஆண் இயக்குநீரைச் சார்ந்துள்ளதால், விதைநீக்கம் செய்வதாலேயே சிஸ்டின் வெளியேற்றம் குறைகிறது.

டால்மேசியன் இனம்

பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிக் அமிலம் கல்லீரலில் எளிதில் கரையும் அலந்தோயினாக மாற்றப்படுகிறது. டால்மேசியனின் கல்லீரலிலும் இம்மாற்றத்துக்குரிய நொதி உள்ளது. ஆனால் யூரிக் அமிலத்தைக் கல்லீரல் உயிரணுக்களுக்குள் கொண்டுசெல்லும் புரதம் பழுதுற்றுள்ளது. இதே பழுதால் சிறுநீரகமும் யூரிக் அமிலத்தை மீட்டெடுப்பதில்லை. எஸ்எல்சி2ஏ9 என்னும் மரபணுவிலுள்ள இப்பிறழ்வு 2008 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

தூய டால்மேசியன்கள் யாவும் இப்பிறழ்வைக் கொண்டிருந்தமையால், இனத்துக்குள்ளேயே இணைசேர்த்து இதனை நீக்க இயலவில்லை. 1973 ஆம் ஆண்டில் அமெரிக்க மரபியலாளர் இராபர்ட் ஷைபில், ஒரு பாயிண்டர் நாயுடன் டால்மேசியனை இணைத்து, அதன் வழித்தோன்றல்களைத் தலைமுறை தலைமுறையாக மீண்டும் டால்மேசியன்களுடனேயே இணைத்தார். இதனால் இயல்பான மரபணு இவ்வினத்துக்குள் திரும்பியது. இவ்வழிவந்த நாய்களை டால்மேசியன்களாகப் பதிவுசெய்வது குறித்து நெடுங்காலம் எதிர்ப்பு நிலவியது. அமெரிக்கன் கென்னல் கிளப் 2011 ஆம் ஆண்டில் இவற்றை ஏற்றுக்கொண்டது. தூய டால்மேசியன்கள் அனைத்தும் யூரிக் அமிலத்தை மிகுதியாக வெளியேற்றினும், கல் உண்டாவது அவற்றுள் சிலவற்றிலேயே. அவையும் பெரும்பாலும் ஆண் நாய்கள்.

வீட்டு வைத்தியம்

மனிதர்களின் சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் குடிநீர் முதலியவற்றை அருந்துவது தமிழகத்தில் வழக்கம். நாய்களின் கற்களை இவை கரைக்கும் என்பது நிறுவப்படவில்லை. மனிதர்களின் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டு. நாய்களிலோ தொற்றால் உண்டாகும் ஸ்ட்ரூவைட்டு பெரும்பங்கு வகிக்கிறது. எனவே மனிதருக்குரிய அறிவுரையை நாய்க்கு அப்படியே பொருத்த முடியாது. வினிகர், வைட்டமின் சி ஆகியவற்றால் சிறுநீரை அமிலமாக்க முயல்வதும், சமையல் சோடாவால் காரமாக்க முயல்வதும் கல்லின் வகை அறியாத நிலையில் தீங்கானவை. நுண்ணுயிர்க்கொல்லியைத் தாமதித்து வீட்டு வைத்தியத்தை நம்பியிருப்பதால் தொற்று சிறுநீரகத்துக்குப் பரவலாம்.

கல்லை அகற்றும் முறைகள்

சிறுநீர்ப்பையைத் திறந்து கற்களை எடுக்கும் அறுவை மருத்துவம் பரவலாக நடைமுறையில் உள்ளது. சிறு கற்களை, மயக்க நிலையில் நாயை நிமிர்த்திப் பிடித்துச் சிறுநீர்ப்பையை அழுத்தி, சிறுநீரோடு வெளியேற்றும் முறை 1993 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. அகநோக்கி வழியே லேசர் கதிரால் கல்லை உடைக்கும் முறை வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டுமே உண்டு. சிறுநீர்வழியில் சிக்கிய கல்லை, வடிகுழாய் வழியே நீர்மத்தைப் பீய்ச்சிச் சிறுநீர்ப்பைக்குள் பின்தள்ளிய பிறகு அகற்றுவர். அறுவைக்குப் பின் உடனே ஊடுகதிர்ப் படம் எடுத்து, எந்தக் கல்லும் எஞ்சவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

தொடர் கண்காணிப்பு

கல் நீங்கிய நாய்க்கு, 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீர்ச் சோதனையும் படச் சோதனையும் செய்யப்படுகின்றன. மீண்டும் கல் தோன்றினாலும், சிறிதாக இருக்கும்போதே கண்டால் அறுவையின்றி அகற்றிவிடலாம். வீட்டில் நாயின் சிறுநீரின் நிறம், கழிக்கும் தடவைகள், குடிக்கும் நீரின் அளவு, உடல் எடை ஆகியவற்றைக் குறித்து வைப்பது மருத்துவருக்கு உதவும். வெளிர்ந்த நிறச் சிறுநீர் பொதுவாகச் செறிவு குறைந்ததைக் காட்டும்.

வரலாறு

அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1981 ஆம் ஆண்டில் கார்ல் ஆஸ்போர்ன் தொடங்கிய கல் பகுப்பாய்வு மையம், பல நாடுகளிலிருந்து அனுப்பப்படும் விலங்குகளின் கற்களை ஆய்ந்து வருகிறது. தொடக்க ஆண்டில் அங்கு வந்த நாய்க் கற்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை ஸ்ட்ரூவைட்டு ஆகும். பின்வந்த ஆண்டுகளில் கால்சியம் ஆக்சலேட்டின் பங்கு சீராக உயர்ந்து, 2000களின் நடுப்பகுதியில் இரண்டும் ஏறக்குறையச் சமநிலையை எட்டின. ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கும் உணவுகள் பரவியதால் அவ்வகைக் கற்கள் ஆய்வுக்கு வருவது குறைந்தமை இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சிறுநீரை அமிலமாக்கும் உணவுகளின் பங்கும் சுட்டப்படுகிறது.

2016 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி, நாய், பூனை ஆகியவற்றின் கற்களுக்கான சிகிச்சை குறித்த பரிந்துரைகளை வெளியிட்டது. தகுந்த காரணம் இருந்தாலன்றி ஸ்ட்ரூவைட்டுக் கற்களை அறுவையால் அகற்றாமல் கரைக்கவே முயல வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* சிறுநீரகக் கல்
* டால்மேசியன்
* யூரிக் அமிலம்
* கால்நடை மருத்துவம்